வுட்ஹால் மாளிகையும் தஞ்சைக் களத்து நெல்லும்: ஓர் ஆங்கிலக் கிராமப் பெருங்குடி வரலாற்றை ஆராயும் முறை

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டுஷையர் பகுதியில், பீன் என்னும் சிற்றாறு பாயும் நிலத்தில், வாட்டன்-அட்-ஸ்டோன் என்ற கிராமம் அமைந்துள்ளது. அதனை ஒட்டிய பரந்த பூங்காவிற்குள் வுட்ஹால் என வழங்கும் மாளிகை நிற்கின்றது. 1930களிலிருந்து அது ஒரு பள்ளிக்கூடமாக விளங்கி வருகின்றது. 1777ஆம் ஆண்டு தாமஸ் லெவர்ட்டன் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு அம்மாளிகையை எழுப்பியவர் தாமஸ் ரம்போல்டு. மறு ஆண்டே அவர் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக வந்து பதவியேற்றார். அவர் இறந்தபின் அவ்வுடைமையை விலைக்கு வாங்கியவர் பால் பென்ஃபீல்டு. ஆர்க்காட்டு நவாபு முகமதலி வாலாஜாவுக்குக் கடன் கொடுத்த வெள்ளையருள் இவரினும் பெயர்பெற்றவர் இலர். ஒரே வீட்டில் அடுத்தடுத்து வாழ்ந்த இருவர் சென்னையோடு இவ்வளவு நெருங்கிய தொடர்பு உடையவராய் இருந்தமை, அவ்வீட்டின் வரலாற்றை எங்கிருந்து எழுதத் தொடங்குவது என்னும் வினாவை எழுப்புகின்றது. ஆங்கிலக் கிராம மாளிகையொன்றில் வாழ்ந்த செல்வக் குடும்பங்களின் வரலாற்றை ஆராய்வோர் வழக்கமாகக் கையாளும் சான்றுகள் எவை, அவை எந்த இடத்தில் பேசாது நின்றுவிடுகின்றன, அவ்விடத்தில் சென்னை, தஞ்சை ஆவணங்கள் எவ்வாறு துணை நிற்கக்கூடும் என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

மேனர் ஆவணங்கள் சொல்வனவும் சொல்லாதனவும்

'மேனர்' என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் 'பண்ணை வீடு' என்றோ 'ஜமீன் மாளிகை' என்றோ பெயர்த்துக்கொள்கிறோம். இரண்டும் முழுதும் பொருந்துவன அல்ல. மேனர் என்பது முதற்கண் ஒரு வீடன்று, ஓர் ஆட்சியுரிமை. ஒரு கிராமத்திலோ அதன் ஒரு பகுதியிலோ உள்ள நிலத்தின்மீதும், அந்நிலத்தைப் பயிரிடுவோர்மீதும் ஒருவர்க்கு உள்ள உரிமைகளின் தொகுதியே மேனர். அவ்வுரிமையாளர் தம் மேனருக்குரிய மன்றத்தைக் கூட்டுவார். குடிகளுள் ஒருவர் இறந்தால் அவர் நிலம் யாருக்குச் செல்லும், வேலி மீறி மேய்ந்த மாட்டுக்கு எவ்வளவு தண்டம், பொது மேய்ச்சல் நிலத்தில் யாருக்கு எத்தனை ஆட்டுக்கு இடம் என்பன அம்மன்றத்தில் முடிவாகும். முடிவுகள் சுருள்களில் எழுதப்பட்டன. அச்சுருளின் நகலையே தம் நிலத்துக்குரிய சான்றாகக் குடிகள் வைத்திருந்தனர். நம் ஜமீன்தாருக்கு இருந்தது போன்று அரசுக்குரிய நிலவரியைத் தண்டும் உரிமை மேனர் உரிமையாளர்க்கு இல்லை என்பது இரண்டுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு.

இச்சுருள்கள் 1733 வரை பெரும்பாலும் இலத்தீனில் எழுதப்பட்டன. அவ்வாண்டு முதலே ஆங்கிலம் கட்டாயமாயிற்று. நிலவுடைமைச் சட்டத்திருத்தம் 1920களில் பழைய குடியுரிமை முறையை ஒழித்தபோது, பயனற்றுப் போன சுருள்கள் அழிந்துவிடாதவாறு அவற்றைச் சட்டத்தின் காப்பில் வைத்தனர். எந்த மேனரின் ஆவணம் எங்கே உள்ளது என்பதற்குத் தனிப் பதிவேடே உண்டு. இவற்றோடு, 1538 முதல் கோயிற்பற்றுத்தோறும் எழுதப்பட்டு வந்த ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள், விருப்ப ஆவணங்கள், 1836ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி வரையப்பட்ட தசமபாக வரைபடங்கள், 1841 முதல் ஆட்பெயர் சுட்டும் குடிக்கணக்கெடுப்பு ஆகியவற்றையும் சேர்த்தால், ஓர் ஆங்கிலக் கிராமத்துப் பெருங்குடியின் வரலாற்றை எழுத முனைவார்க்குச் சான்று வறுமை என்பது இல்லை. 1899இல் தொடங்கிய விக்டோரியா மாவட்ட வரலாற்று வரிசை இவற்றையெல்லாம் ஊர்தோறும் திரட்டித் தருகின்றது. வாட்டனுக்கும் அவ்வரிசையில் இடம் உண்டு.

அவ்வரிசையை முறைப்படி படிப்பவர்க்கு ஓர் உண்மை புலனாகும். அது கைமாற்றத்தின் வரலாறு. இன்னாரிடமிருந்து இன்னார்க்குப் பிறப்பால் வந்தது, இன்ன மணத்தால் வந்தது, இன்ன ஆண்டில் விற்கப்பட்டது என்று சங்கிலி அறுபடாது செல்லும். வுட்ஹாலில் பல தலைமுறை இருந்தவர்கள் பொட்டிலர் குடும்பத்தார். அவர்தம் நினைவுச் சின்னங்கள் வாட்டன் கோயிலில் இன்றும் உள்ளன. 1771இல் அவர்களது பழைய வீடு தீக்கிரையாயிற்று. அதன்பின் உடைமை ரம்போல்டுக்கு விற்கப்பட்டது. இவ்வளவையும் மேனர் ஆவணங்களைக் கொண்டே சொல்லிவிடலாம். வாங்கியவரிடம் அவ்வளவு பணம் எவ்வாறு வந்தது என்னும் வினாவை மட்டும் அவை எழுப்புவதே இல்லை. விற்பனைப் பத்திரத்திற்குத் தொகை வேண்டும். தொகையின் பிறப்பு வேண்டுவதில்லை. நம்மூர்ப் பத்திரப் பதிவிலும் இதே நிலைதான்.

ரம்போல்டு: நாள்களைப் பொருத்திப் பார்த்தல்

'சென்னை ஆளுநர் கட்டிய மாளிகை' என்ற தொடரைக் கேட்டவுடன், சென்னையிலிருந்து கொண்டுசென்ற பணத்தால் கட்டிய மாளிகை என்று முடிவு கட்டுவது எளிது. நாள்களைப் பொருத்திப் பார்த்தால் அம்முடிவு நிற்காது. மாளிகைப் பணி 1777இல் தொடங்குகின்றது. ரம்போல்டு ஆளுநராகச் சென்னையில் கால் வைத்தது 1778 பிப்ரவரியில். ஆகவே நிலம் வாங்கியதற்கும் அடிக்கல் இட்டதற்கும் உரிய முதல் வேறெங்கிருந்தோ வந்திருத்தல் வேண்டும். அவரது முந்தைய வாழ்க்கை இதற்கு விடை தருகின்றது. 1752இல் எழுத்தராகக் கம்பெனிப் பணியில் சேர்ந்த ரம்போல்டு, பின்னர்ப் படைப்பணிக்கு மாறி, 1757இல் பிளாசிப் போரின்போது கிளைவின் பக்கத்தில் இருந்தார். அதன்பின் வங்காளத்தில் குடிமைப் பணியேற்றுப் பாட்னாவின் தலைமை அலுவலராகவும், 1766 முதல் 1769 வரை வங்காள அவை உறுப்பினராகவும் விளங்கினார். கம்பெனி அலுவலர்கள் உள்நாட்டு வாணிகத்தில் தம் சொந்தக் கணக்கில் ஈடுபட்டுப் பெருஞ்செல்வம் திரட்டிய காலம் அது. 1769இல் தாயகம் திரும்பி அடுத்த ஆண்டே நாடாளுமன்ற உறுப்பினராகும் அளவுக்கு அவரிடம் பொருள் இருந்தது. 1774இல் ஷாஃப்ட்ஸ்பரி தொகுதியில் அவரும் வங்காளத்தில் பொருளீட்டிய பிரான்சிஸ் சைக்ஸும் சேர்ந்து நின்ற தேர்தலில் வாக்குகள் விலைக்கு வாங்கப்பட்டமை நாடாளுமன்றம் வரை சென்று நாறியது. அந்த சைக்ஸும் பாசில்டன் என்ற ஊரில் ஒரு மாளிகை கட்டியவர்தான்.

எனவே வுட்ஹாலின் அடித்தளம் வங்காளப் பணம். அதன் மேற்கட்டுமானத்திலும் உள்ளலங்காரத்திலும் சென்னைப் பணம் எவ்வளவு சேர்ந்தது என்பதுதான் ஆய்வுக்குரிய சிக்கல். 1780 ஏப்ரலில் ரம்போல்டு பதவியை விட்டுக் கப்பலேறினார். அவ்வாண்டு ஜூலையில் ஹைதர் அலியின் படை கணவாய்களைக் கடந்து ஆர்க்காட்டுச் சீமைக்குள் இறங்கியது. ஊர்கள் எரிந்தன, குடிகள் ஓடினர், தஞ்சைப் பகுதியிலும் அடுத்த ஆண்டு அதே நிலை. 'ஹைதர் கலாபம்' என்று நம் மக்கள் நெடுங்காலம் சொல்லிவந்தது அதனையே. 1781 ஜனவரியில் கம்பெனி இயக்குநர்கள் ரம்போல்டைப் பணிநீக்கம் செய்தனர். 1782இல் ஹென்றி டண்டாஸ் அவர்மீது நாடாளுமன்றத்தில் தண்டனை மசோதா கொண்டுவந்தார். அவர் நாட்டை விட்டு வெளியேறாதவாறும் சொத்தைக் கைமாற்றாதவாறும் தடுக்கும் நடவடிக்கையும் உடன் எழுந்தது. இரண்டரை ஆண்டுக்குள் 1,60,000 பவுனுக்கு மேல் இங்கிலாந்துக்கு அனுப்பினார் என்பது குற்றச்சாட்டு. ஆளுநர்க்குரிய ஊதியமும் படிகளும் அத்தொகைக்கு ஈடாகமாட்டா. வழக்கு 1783இல் தீர்ப்பின்றியே கைவிடப்பட்டது.

குற்றச்சாட்டின் உள்ளடக்கத்தையும் நுணுகி நோக்குதல் வேண்டும். அதன் பெரும்பகுதி வடசர்க்கார் எனப்பட்ட தெலுங்கு நாட்டு ஜமீன்தார்களைப் பற்றியது. அங்கே நேரில் சென்று விசாரிக்க அமைந்திருந்த குழுவை ரம்போல்டு கலைத்துவிட்டு, ஜமீன்தார்களைச் சென்னைக்கே வரச்சொன்னார். வந்தவர்கள் வெறுங்கையோடு வந்திருக்க மாட்டார்கள் என்பது எதிர்த்தரப்பின் வாதம். வங்காளத்தில் ஈட்டி அங்கேயே விட்டுவைத்திருந்த பழைய முதலே பின்னர் வந்து சேர்ந்தது என்பது ரம்போல்டு தரப்பின் விளக்கம். இரண்டில் எதை ஏற்பினும், ரம்போல்டு பெயரைக் கொண்டு 'தமிழ்நாட்டுச் செல்வத்தால் எழுந்த மாளிகை' என்று எழுதுவது வரலாறாகாது. வங்காளத்து உப்பும் தெலுங்கு நாட்டுக் கப்பமும் நம் பெருமிதத்துக்காகவோ நம் துயரத்துக்காகவோ காவிரி நீராகிவிட மாட்டா. உள்ளூர்ப் பற்றினால் இத்தகைய முடிவுகளைத் தாங்கிவரும் கட்டுரைகள் அண்மைக்காலத்தில் பெருகி வருவதால் இதனைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

வுட்ஹால் மாளிகைக்குள் அச்சுப்படங்களைச் சுவரில் ஒட்டி அழகு செய்த அறை ஒன்று உண்டு. ஆர். பார்க்கர் என்பவர் 1782இல் அமைத்தது. படங்களுக்கு வரையப்பட்ட சட்டகங்கள், தொங்கும் சங்கிலிகள், முடிச்சுகள் எல்லாம் காகிதமே. கட்டடக்கலை வரலாற்றாசிரியர் அந்த அறையைப் பெரிதும் பாராட்டுவர். சொத்தைக் கைமாற்றத் தடை கேட்டு நாடாளுமன்றத்தில் பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டில் அவ்வேலை நடந்திருக்கிறது என்பதைக் கலை வரலாற்று நூலையும் நாடாளுமன்ற நடவடிக்கையையும் ஒருங்கே வைத்துப் படிப்பவரே காண இயலும்.

மகள் எழுதிய மறுப்பும் நம் வம்சாவளிகளும்

ரம்போல்டு 1791இல் இறந்து வாட்டனிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் குடும்பத்தைப் பற்றி உலவிய கதைகள் பல. சூதாட்ட விடுதியொன்றில் காலணி துடைத்துக் கொண்டிருந்தவர் என்பது அவற்றுள் ஒன்று. புதுப்பணக்காரனாகத் திரும்பிய கம்பெனி அலுவலனை 'நேபாப்' என்று எள்ளியது அக்கால ஆங்கிலச் சமூகம். நம் 'நவாபு' என்ற சொல்லே அங்கு வசைச்சொல்லாகி, 1772இல் சாமுவேல் ஃபூட்டின் நாடகத்திற்குத் தலைப்பாகவும் ஆயிற்று. காலணிக் கதை அந்த எள்ளலிலிருந்து பிறந்தது. உண்மையில் அவர் தந்தையும் கம்பெனியின் பணியில் இருந்தவரே. ஒரு தலைமுறையில் எழுந்த செல்வமன்று, இரு தலைமுறையாகக் கீழைக்கடல் வழியில் இயங்கிய குடும்பம் என்பதை இக்கதை மறைத்துவிடுகின்றது. பழிப்பதற்காகக் கட்டிய கதையும் சான்றை அழிக்கும்.

புகழ்வதற்காக எழுதியதும் அவ்வாறே. ஜேம்ஸ் மில் தம் இந்திய வரலாற்றில் ரம்போல்டின் ஆட்சியைக் கடுமையாகச் சாடியிருந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 1868இல், ரம்போல்டின் நற்பெயரை நிலைநாட்டும் ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவர் அவர் மகள் எலிசபெத் ஆன் ரம்போல்டு. நூல் வெளிவருமுன்பே அவர் இறந்துவிட்டார். தந்தையார் மீதான குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு கம்பெனி ஆவணங்களைக் காட்டி மறுப்பது அந்நூலின் போக்கு. ஒரு பெண்மணி தனித்து நின்று அரசாங்கப் பதிவேடுகளை அவ்வளவு உழைப்போடு திரட்டியிருப்பது வியப்புக்குரியது. ஆயினும் அது வழக்குரை, வரலாறு அன்று.

நம் பாளையப்பட்டு வம்சாவளிகளைப் பயின்றவர்க்கு இவ்வகை எழுத்து புதிதன்று. காலின் மெக்கன்சியின் ஆட்களிடம் பாளையக்காரர் குடும்பங்கள் தந்த வம்சாவளிகளும் கைபீதுகளும், நிலவுரிமை பறிபோய்க்கொண்டிருந்த, அல்லது பறிபோகுமோ என்று அஞ்சிய காலத்தில் எழுந்தவை. மன்னன் கொடுத்த விருது, முன்னோன் காட்டிய வீரம், காடு வெட்டி ஊராக்கிய உழைப்பு என அவற்றில் வரும் ஒவ்வொன்றும் 'இவ்வுரிமை எமது' என்னும் ஒரே வாதத்துக்குத் துணை. அதனை அறிந்தே நாம் அவற்றிலிருந்து செய்தி எடுக்கின்றோம்; புனைவு என்று தள்ளுவதும் இல்லை, அப்படியே நம்புவதும் இல்லை. அதே அளவுகோலை ஆங்கிலப் பெருங்குடியின் குடும்ப நூலுக்கும் பொருத்தலாம். ஆங்கில ஆவணம் என்றாலே புறவயமானது, தமிழ் வம்சாவளி என்றாலே கட்டுக்கதை என்னும் பழைய பாகுபாடு இதனால் நெகிழும். எலிசபெத் ஆனின் நூலில் நமக்குப் பயன்படுவது தீர்ப்பு அன்று. எந்தக் குற்றச்சாட்டை அவர் மிக நீளமாக மறுக்கிறார், எதனைத் தொட்டும் தொடாமலும் விடுகிறார் என்பதே பயன்படும்.

அக்குடும்பத்தின் தொடர்ச்சியும் நோக்கத்தக்கது. ரம்போல்டின் பேரர் வில்லியம் ரம்போல்டு, ஹைதராபாதில் வில்லியம் பால்மர் நிறுவனத்தின் பங்காளியாய் இருந்தார். நிஜாமின் அரசுக்கு மிகுவட்டிக்குக் கடன் கொடுத்ததால் 1820களில் பெரும் பூசலுக்கு உள்ளானது அந்நிறுவனம். பேரர் 1833இல் ஹைதராபாதிலேயே இறந்தார். வுட்ஹால் கைவிட்டுப் போய் நாற்பதாண்டு ஆகியும் இந்தியாவோடு அக்குடும்பத்திற்கு இருந்த தொழில் போகவில்லை. வீட்டை மட்டும் பின்தொடரும் ஆய்வு இங்கே குடும்பத்தைத் தவறவிட்டுவிடும்.

பென்ஃபீல்டு: களத்தில் நின்ற நெல்

ரம்போல்டுக்கு மாறாக, பென்ஃபீல்டின் பணம் எங்கே விளைந்தது என்பதில் ஐயத்திற்கு இடம் குறைவு. 1764இல் சென்னை வந்த அவர் கட்டடப் பணியில் தொடங்கினார். கோட்டை அரண் வேலைகளின் ஒப்பந்தம் அவர் கையில் இருந்தது. கறுப்பர் பட்டணத்து மதில் வேலையோடும் அவர் பெயர் இணைந்துள்ளது. அம்மதிலின் செலவுக்காகக் கருதப்பட்ட வரியின் நினைவாகவே வால்டாக்ஸ் சாலை என்னும் பெயர் சென்னையில் நின்றுவிட்டது. சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவர் இவரே என்றும் பரவலாகச் சொல்லப்படுகின்றது. கட்டட வேலையினும் கடன் தொழில் அவருக்கு மிகுந்த ஊதியம் தந்தது. நவாபுக்குப் படைச்செலவு, கம்பெனிக்குக் கட்டவேண்டிய தவணை, அரண்மனைச் செலவு எனப் பணமுடை தீராதிருந்தது. கம்பெனி அலுவலர்கள் தம் பணத்தையும் தம்மிடம் பிறர் ஒப்படைத்த பணத்தையும் நவாபுக்கு வட்டிக்கு விட்டனர். ஈடாக நவாபு கொடுத்தது எதிர்கால வரிவருவாயை. கடன் பத்திரம் சென்னையில் எழுதப்பட்டது. தண்டல் ஊர்களில் நடந்தது.

1773 செப்டம்பரில் கம்பெனிப் படையின் துணைகொண்டு நவாபு தஞ்சையைக் கைப்பற்றினார். மன்னர் துளஜாஜி சிறைப்பட்டார். 1776 ஏப்ரல் வரை தஞ்சை நவாபின் ஆட்சியில் இருந்தது. அவ்விடைக்காலத்தில் தஞ்சையின் வருவாயை அவர் கடன்காரர்க்கு ஈடாக எழுதிக் கொடுத்தார். இலண்டன் இயக்குநர்களின் ஆணைப்படி ஆளுநர் பிகட் தஞ்சையை மீண்டும் துளஜாஜியிடம் ஒப்படைத்தபோது, பென்ஃபீல்டு தம் கோரிக்கையை முன்வைத்தார். நவாபு எழுதிக் கொடுத்த வருவாயின்மீது 1,62,000 பவுன். தஞ்சை நாட்டில் தனியாட்களுக்குக் கொடுத்த கடனாக, அவர்தம் விளைச்சலின்மீது 72,000 பவுன். ஆக 2,34,000 பவுன். கம்பெனியின் இளநிலை அலுவலர் ஒருவரின் ஊதியத்தோடு ஒப்பிட்டால் இத்தொகை நகைப்புக்கிடமானது. குதிரை வண்டிகள் நிறைந்த அவரது ஆடம்பர வாழ்வு சென்னையில் பெரும்பேச்சாக இருந்தது என்றாலும், அவ்வளவு பெரிய முதல் அவர் ஒருவருடையதாக இருந்திருக்க முடியாது என்றும், அவை உறுப்பினர் பலரின் பணம் அவர் பெயரில் நின்றது என்றும் அக்காலத்திலேயே பேசப்பட்டது.

அவை முதலில் கோரிக்கையை ஏற்கவில்லை. தனியாட்கள்மீதான கடனுக்குப் போதிய சான்று இல்லை, நவாபு எழுதிக்கொடுத்த ஈடு தஞ்சை வருவாயைக் கட்டுப்படுத்தாது என்பன காரணங்கள். பின்னர்ப் பெரும்பான்மையினர் நிலை மாறி அவர் பக்கம் சாய்ந்தனர். பூசல் முற்றி 1776 ஆகஸ்ட் 24 அன்று ஆளுநரையே கைது செய்தனர். பிகட் காவலில் இருந்தபடியே 1777 மே மாதம் இறந்தார். பிகட்டை நீதியின் காவலராகக் காட்டும் எழுத்துகளும் உண்டு. அவரும் தம் முதல் ஆட்சிக்காலத்தில் சென்னையில் ஈட்டிய பொருளைக் கொண்டு 1765இல் ஸ்டாஃபோர்டுஷையரில் பாட்ஷல் என்னும் உடைமையை வாங்கியவரே என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். காலியான பிகட்டின் இடத்துக்கு இலண்டனிலிருந்து அனுப்பப்பட்டவர்தான் வுட்ஹால் ரம்போல்டு.

'விளைச்சலின்மீது 72,000 பவுன்' என்னும் தொடரில் ஆய்வாளர் சற்று நின்று நோக்குதல் வேண்டும். தஞ்சையில் நிலவருவாய் பெரும்பாலும் நெல்லாகவே பிரிக்கப்பட்டது. அறுத்து அடித்த நெல் களத்தில் அளக்கப்பட்டு மேல்வாரம் அரசுக்கும் குடிவாரம் பயிரிட்டவர்க்கும் போகும். மேல்வாரத்தை நவாபு கடனுக்கு ஈடாக்கினார். தனியாட்கள் கடன் எனப்பட்டது குடிவாரத்தையும் தொட்டிருக்க வேண்டும். அவ்வாறாயின், பயிர் நிலத்தில் நிற்கும்போதே அதன் இருகூறுக்கும் சென்னையிலிருந்த ஒருவர் உரிமை கொண்டாடினார் என்றாகின்றது. 1776இன் அரசியல் பூசலை ஆளுநர்க்கும் அவைக்கும் இடையிலான அதிகாரப் போட்டியாகவே வரலாற்று நூல்கள் பெரிதும் எழுதுகின்றன. களத்துமேட்டிலிருந்து பார்த்தால், அந்த ஆண்டு நெல்லை அளக்கும் மரக்கால் யார் கையில் இருப்பது என்பதே பூசல்.

இங்கு ஓர் ஒப்பீடு தவிர்க்க இயலாதது. வாட்டன் மேனரைப் போன்றதொரு மேனரின் மன்றச் சுருளில், பன்றியைக் கட்டாமல் விட்டதற்காகத் தண்டம் கட்டிய குடியானவரின் பெயரும் இருக்கும். அவர் நிலம் அவருக்குப் பின் யாருக்குப் போயிற்று என்பதும் இருக்கும். தஞ்சையில் பென்ஃபீல்டிடம் கடன்பட்டதாகச் சொல்லப்பட்டவர்கள் ஆங்கில விவாதத்தில் வெறும் தொகையாகவே நிற்கின்றனர். எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28 அன்று நாடாளுமன்றத்தில் ஆர்க்காட்டு நவாபின் கடன்கள் குறித்து ஆற்றிய நீண்ட உரையில் பென்ஃபீல்டைத் தாக்கினார். தம் பணத்தால் எட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களை உருவாக்கியவர் என்றும் சாடினார். கருநாடகத்து உழவரின் துயரை அவர் போல் உருக்கமாகப் பேசியவர் அக்காலத்தில் இல்லை. அவ்வுரையிலும் உழவர்க்குப் பெயர் இல்லை.

1788இல் இங்கிலாந்து திரும்பிய பென்ஃபீல்டு 1793இல் மணம் செய்துகொண்டார். ஏறத்தாழ அதே காலத்தில் வுட்ஹாலை வாங்கினார். வால்டர் பாய்டுடன் சேர்ந்து வங்கித் தொழில் நடத்தினார். புரட்சிப் பிரான்சோடு நடந்த போருக்காகப் பிரிட்டிஷ் அரசு வாங்கிய கடன்களில் அந்நிறுவனத்திற்குப் பெரும்பங்கு உண்டு. நவாபுக்குக் கடன் கொடுத்தவர் தம் அரசுக்கே கடன் கொடுப்பவரானார். நிறுவனம் 1800ஐ ஒட்டி முறிந்தது. 1801இல் வுட்ஹால் சாமுவேல் ஸ்மித் என்னும் வங்கிக் குடும்பத்தவர்க்கு விற்கப்பட்டது. பென்ஃபீல்டு 1810இல் பாரிசில் வறுமையில் இறந்தார். கோயிலில் நினைவுச் சின்னமும் குடும்ப மரபும் விட்டுச்சென்ற பொட்டிலர், ஸ்மித் குடும்பங்களுக்கு நடுவே, ஊர் வரலாற்றில் அவர் ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகின்றார்.

தமிழாய்வாளர் செய்யக்கூடியது

ஆங்கில மாளிகைகளின் செல்வம் எங்கிருந்து வந்தது என்னும் வினா அங்கேயே இப்போது கேட்கப்படுகின்றது. 2011 முதல் 2014 வரை நடைபெற்று, 2018இல் நூலாக வெளிவந்த 'வீட்டில் கிழக்கிந்தியக் கம்பெனி' என்னும் ஆய்வுத் திட்டம், கல்விநிலைய ஆய்வாளரோடு ஊர் வரலாற்று ஆர்வலரையும் குடும்ப வரலாறு தேடுவோரையும் சேர்த்துக்கொண்டு பல மாளிகைகளை ஆராய்ந்தது. 2020 செப்டம்பரில் பிரிட்டனின் தேசிய அறக்கட்டளை, தன் காப்பிலுள்ள 93 இடங்களுக்குக் குடியேற்ற ஆட்சியோடும் அடிமை வாணிகத்தோடும் இருந்த தொடர்பை வெளியிட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. வுட்ஹால் அவ்வறக்கட்டளையின் உடைமை அன்று. ஆயினும் அதன் வரலாற்றுக்கும் இவ்வினா பொருந்தும். இவ்வாய்வுகளின் சான்றுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளவை. மாளிகைக்குள் வந்துசேர்ந்த சீனக் களிமண் கலங்களையும் துணிகளையும் அறைகலன்களையும் அவை நுணுக்கமாகப் பின்தொடர்கின்றன. பொருள்கள் புறப்பட்ட துறைமுகத்தோடு தேடல் பெரிதும் நின்றுவிடுகின்றது.

துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் வழி நம்மிடம் உள்ளது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் புனித ஜார்ஜ் கோட்டை அவை நடவடிக்கைகளில் 1776ஆம் ஆண்டுப் பூசல் நாள்தோறும் பதிவாகியுள்ளது. தஞ்சை மராட்டியர் கால மோடி ஆவணங்களுள் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டுள்ளது. எஞ்சியவற்றுள், நவாபின் ஆட்சி நடந்த அவ்விரண்டரை ஆண்டுக்கும் அதனை அடுத்த ஆண்டுகளுக்கும் உரிய நெல் கணக்குகளையும் கடன் குறிப்புகளையும் தேடுவது முதல் வேலை. சென்னைத் துபாஷிகளின் குடும்பத் தாள்களும் அறக்கட்டளைச் சாசனங்களும் அடுத்தது. வெள்ளைக்காரக் கடன்காரர்க்கும் தஞ்சைக் குடிகட்கும் இடையே நின்று பேசியவர், எழுதியவர், தண்டியவர் துபாஷிகளே. பச்சையப்ப முதலியார் போன்றோரின் செல்வத்திலும் தஞ்சை வருவாய்த் தொடர்பு உண்டு. ஆகவே இவ்வாய்வு ஆங்கில மாளிகையைக் குறைகூறுவதோடு முடிந்துவிடாது. நம் கல்விக்கூடங்களின் வாயில்வரை வரும்.

பயன்படாது கிடக்கும் மற்றொரு தொகுதியும் உண்டு. 1801இல் கருநாடகம் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தபின், நவாபின் கடன்களை விசாரிக்க இலண்டனிலும் சென்னையிலும் ஆணையர்கள் அமர்த்தப்பட்டனர். அவர்கள் பணி 1830 வரை நீண்டது. 3 கோடிப் பவுனுக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் வந்தன. ஏற்கப்பட்டவை 27 இலட்சத்திற்கும் சற்றுக் குறைவு. பத்தில் ஒரு பங்குகூட உண்மையான கடன் என்று நிலைநாட்டப்படவில்லை. பென்ஃபீல்டின் தலைமுறைக் கடன்கள் இத்தகைய விசாரணை எதுவுமின்றி 1784இல் அரசாணையால் ஏற்கப்பட்டவை என்பதை இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும். நாடாளுமன்றத்திற்கு ஆணையர் அளித்த அறிக்கைகளில் கோரிக்கையாளர்களாக வெள்ளையரோடு நம்மவர் பலரும் வருகின்றனர்: செட்டிகள், முதலிகள், நவாபின் பணியாளர்கள், படைவீரர்களின் கைம்பெண்கள். ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கும் அப்பெயர்களை, ஊர், குலம், தொழில் ஆகிய அடைகளைப் பிரித்தறிந்து மீட்டெழுதத் தமிழ் அறிந்தவரே வேண்டும். 'மூடலியர்', 'சிட்டி' என நிற்பவர்கள் யாவர், அவர்களுள் எவர் பென்ஃபீல்டுக்கும் களத்துமேட்டுக்கும் இடையே நின்றவர் என்பதை அவ்வறிக்கைகளையும் மோடிக் கணக்குகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கண்டறியக்கூடும்.